பொன்னுலிங்கம் ஐயா குறைந்துபோன கதை

சுனையூர் மலையடிவாரத்து முருகன் கோயில் மைதானத்தில் பாட்டுக்காரர் பொன்னுலிங்கம் ஐயாவுக்கு ஊர் கூடிப் பாராட்டு விழா எடுத்த அன்று, பொன்னாடை போர்த்துகிறவர்கள் எல்லாரும் போர்த்தி முடித்து, மாலைகள் ஏறி ஏறி அவர் மூக்குவரை மறைத்து, விழாக்குழுத் தலைவர் தொடங்கித் தலையாரி வரைக்கும் அவரைக் கடலென்றும் மலையென்றும் சொல்லிக் களைத்த பிறகு, ஏற்புரைக்கு எழுந்தவர் ஒரு வார்த்தையும் பேசாமல் மேடையை விட்டு இறங்கிப்போய், ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு நடுவே பீடியை அணைத்துக்கொண்டிருந்த மைக்செட் சீனிராஜின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். சீனிராஜ் பதறிப்போய்க் குனிந்து, தோளைத் தொட்டுத் தூக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது இரண்டு விரற்கடை குறைந்திருந்தார். வேட்டிக் கரை மண்ணில் புரண்டது, ஜிப்பாக் கை நகத்தை மூடியது. கூட்டம் கைதட்டியது. மேடையின் பின்வரிசையில் கோரஸ் மைக்குக்கு முன்னால் நின்றிருந்த ஆவுடையும் கைதட்டினாள்.

ஆச்சரியப்பட யாருக்கும் நேரமிருக்கவில்லை, பந்தி தொடங்கிவிட்டது. மறுநாள் டீக்கடையில் பேச்சு வந்தபோது, "அடக்கம் கூடுன மனுசன் ஆளு கொறையத்தான செய்வாரு, என்னமோ அதிசயத்தக் கண்டமாரிப் பேசுதிய" என்று ஒருவர் சொல்ல, அதோடு அந்த விஷயம் தீர்ந்தது. டெய்லர் மாடசாமி ஜிப்பாவைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். அடுத்த மாதம் ஒரு கோயில் கொடை விழாவில் பந்தி பரிமாறுகிறவர் காலில் விழுந்து ஐயா இன்னும் கொஞ்சம் குறைந்தார். அதற்கடுத்துப் பூக்கட்டும் அம்மாள் காலில், அதற்கும் அடுத்துப் பேட்டி எடுக்க வந்த டி.வி.க்காரர் காலில். அந்த டி.வி.க்காரர், "இவ்வளவு புகழுக்கு நடுவுல இவ்வளவு பணிவு எப்படிங்கய்யா?" என்று கேட்கப்போக, "முருகன் செருப்புல ஒட்டுன தூசிய்யா நான். தூசிக்கு எதுக்கு உசரம்?" என்று ஐயா சொல்லிக்கொண்டே விழுந்து எழுந்ததில், கேமராவின் காலை மடக்கி இறக்கித்தான் மிச்சப் பேட்டியை எடுக்க வேண்டியிருந்தது.

ஊர் மளமளவென்று பழகிக்கொண்டது. பந்தல்காரர்கள் மேடைக்கு மேல் ஒரு குட்டி மேடை போடக் கற்றுக்கொண்டார்கள். மாடசாமி கத்தரித்த துணித்துண்டுகளைத் தாய்மார்கள் வாங்கிப்போய்ப் பிள்ளைகளின் இடுப்புக் கயிற்றில் முடிந்தார்கள். வளர்கிற பிள்ளைக்குச் சுவரில் கோடு போடுவது போல, கோயில் கல்தூணில் ஐயாவை நிறுத்திக் கரிக்கோடு போட்டார்கள், கோடு இறங்க இறங்க ஊருக்குப் பெருமை ஏறியது. பக்கத்துத் தாலுகாவில் ஒரு பாடகர் இதைக் கேள்விப்பட்டு, கண்ணில் பட்டவர் காலிலெல்லாம் விழுந்து பார்த்தார், முட்டி இரண்டும் வீங்கியதே தவிர மயிரிழை குறையவில்லை. யார் காலில் ஐயா விழுந்தாரோ அவர்தான் குனிந்து தூக்க வேண்டும் என்பதும், மற்றவர் கைபட்டால் அந்த வணக்கத்தைத் தட்டிப் பறித்த பாவம் என்பதும், யாரும் சொல்லாமலே வழக்கமாகிவிட்டது. தூக்குகிறவர் குனிய, பார்க்கிறவர்களும் கூடவே கொஞ்சம் குனிய, ஐயா கண்ணில் நீரோடு எழுந்து நிற்க, அதைப் பார்க்கவென்றே ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது.

ஆவுடைக்கு ஐயாவின் குரலைப் பத்து வயதிலேயே தெரியும். அவள் ஊரில் கொடை வந்தால் வேப்பமரத்து உச்சியில் குழாய் ஒலிபெருக்கி கட்டுவார்கள், விடிவதற்கு முன்னால் முதல் பாட்டாக அவர் பாட்டுத்தான் வரும்.

"மலையெறங்கி வந்தா என்ன வேலய்யா - எங்க
மண்ணுல கால் வச்சா என்ன வேலய்யா..."

முற்றம் தெளிக்கச் சாணி கரைத்த வாளியோடு அவள் அப்படியே நின்றுவிடுவாள். எங்கோ இருந்து யாரோ தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி, அங்கே போகிற வழி மட்டும் தெரியாத மாதிரி இருக்கும், காரணமில்லாமல் அழுகை வரும். "ஏட்டி, வாளியும் கையுமா என்ன தவங் கெடக்கே?" என்று அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போடுவாள். அந்த ஏக்கம் பிறகு அவளை விட்டுப் போகவே இல்லை. பத்தொன்பது வயதில் ஒரு துணிப்பையோடு பஸ் ஏறி, சுனையூரில் ஐயாவின் வீட்டு வாசலில் போய் நின்று, அதே பாட்டை அவருக்கே பாடிக் காட்டினாள். அப்போது அவர் முழு உயரத்தில் இருந்தார். கண்ணை மூடிக் கேட்டவர், கண்ணீர் வடிய, வாசலில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், "தாயே, இந்தக் கொரலுக்கு முன்னால நான் ஒண்ணுமே இல்ல. ஒரு பங்குனி உத்திரத்துக்கு மொதப் பாட்டு நீதாம்மா பாடணும்" என்றார்.

சுனையூரில் பங்குனி உத்திரத்தன்று மலைமுகட்டில் வெளிச்சம் விழும்போது பாடப்படுகிற முதல் பாட்டுக்குத் தனி மரியாதை. அதைப் பாடுகிறவர்தான் அந்த ஊரின் பாட்டுக்காரர். ஒவ்வொரு வருஷமும் ஐயாதான் பாடினார். ஒவ்வொரு வருஷமும், "அடுத்த வருசம் நீதாம்மா" என்றார். ஆவுடையின் தலையில் நரை எட்டிப்பார்க்கிற வரைக்கும் அந்த அடுத்த வருஷம் வரவில்லை.

முதல் அடி விழுந்தது அவள் வந்த வருஷமே. ஏதோ ஓர் ஊரில், கோரஸ் மேலே ஏறுகிற இடத்தில் அவள் குரல் ஒரு கணம் ஐயாவின் குரலைத் தாண்டிப் போய்விட்டது, கூட்டத்தில் யாரோ 'ஆகா' என்று சொல்லிவிட்டார்கள். கச்சேரி முடிந்து, உடை மாற்றக் கொடுத்திருந்த பள்ளிக்கூட வகுப்பறையில் ஐயா கதவைச் சாத்தினார், சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தைக் கும்பிட்டார், திரும்பினார். "ஏ மூதி, எனக்கு மேல ஏறுதியோ?" என்று சொல்லி இடது காதோடு சேர்த்து ஓர் அறை விட்டார். காதுக்குள் குழாய் ஒலிபெருக்கி ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, நாளாக நாளாக அந்தச் சத்தமும் போய், அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லாமல் ஆனது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது, குளத்தில் குளித்ததில் தண்ணீர் போய்விட்டது என்றாள். மறுநாள் பந்தியில் ஐயா எல்லார் முன்னாலும் அவள் இலைக்குத் தன் கையாலேயே சோறு போட்டார். பார்த்தவர்கள் நெகிழ்ந்தார்கள். காது எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

ஆவுடை அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருக்கத் தொடங்கினாள். அடிச்சது தப்புதாம்மா. அவ்வளவுதான். அதை அவர் ஒரே ஒருமுறை சொல்லிவிட்டால், வேப்பமரத்து உச்சியிலிருந்து தன்னைக் கூப்பிட்ட அந்தக் குரல் அழுக்குப் போய்த் திரும்பக் கிடைத்துவிடும், சாணி வாளியோடு நின்ற அந்தச் சின்னப்பிள்ளை நம்பியது பொய்யில்லை என்றாகிவிடும் என்று நினைத்தாள். விட்டுப் போக அவளுக்கு வழியில்லாமல் இல்லை. அந்த வார்த்தையைக் கேட்காமல் போக மனம் வரவில்லை, பைத்தியக்காரி என்று சொல்வதென்றால் சொல்லிக்கொள்ளலாம்.

ஐயா குறையத் தொடங்கியபோது அடியும் குறையும் என்று அவள் எதிர்பார்த்தாள். குறையவில்லை. கை சுருங்கியது, விரல் சுருங்கியது, அடியின் கனம் மட்டும் முதல் நாள் இருந்தபடியே இருந்தது. எட்டவில்லை, அதுதான் ஒரே தொந்தரவு. அதற்கும் ஐயா வழி கண்டுபிடித்தார். கதவைச் சாத்திவிட்டு, "குனி" என்பார். அவள் குனிவாள். அவள் மட்டுமில்லை, தபேலா சுப்பையா குனிந்தார், ஆர்மோனியக்காரர் குனிந்தார். ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிற ஜனத்துக்கு, குனிந்த தலையும் அதற்கு மேல் ஓங்கிய ஐயாவின் கையும்தான் தெரியும். "ஆசீர்வாதம் பண்ணுதாவ, பாரு, கூட இருக்குதவங்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை" என்று வெளியே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

மைக்குக்கும் ஒரு சட்டம் இருந்தது. கோரஸ் மைக் ஐயாவின் தோளுக்கு மேல் வரக் கூடாது. அவர் குறையக் குறைய, சீனிராஜ் ஒவ்வொரு ஊரிலும் கோரஸ் ஸ்டாண்டைத் திருகித் திருகி இறக்கினார். ஆவுடை முதலில் கழுத்தைச் சாய்த்துப் பாடினாள், பிறகு கூன் போட்டுப் பாடினாள், பிறகு முட்டி போட்டுப் பாடினாள்.

ஐயா இடுப்பளவுக்கு வந்த காலத்தில்தான் முப்பிடாதியின் விவகாரம் நடந்தது. முப்பிடாதி ஆவுடைக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவள், ஆவுடை ஒரு வரி எடுத்தால் அடுத்த வரியைக் கண்ணால் கேட்காமலே வாங்கிக்கொள்கிறவள், ஒரே பாயில் படுத்து ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதி. ஒருநாள் கதவு திறந்து வெளியே வந்தவளுக்கு முன்பல் ஒன்று இல்லை. அவள் அதைக் கையில் பொத்திக்கொண்டு நேரே விழாக்குழு உட்கார்ந்திருந்த மண்டபத்துக்குப் போய்விட்டாள்.

"யாரு, ஐயாவா?" என்றார் தலைவர். "ஒன் இடுப்புக்கு வருவாரா அவரு? ஒன் வாய்ல எப்பிடி அடிச்சாரு, ஏணி போட்டா?"

"நான் குனிஞ்சேன்" என்றாள் முப்பிடாதி.

"நீ எதுக்குக் குனிஞ்சே?"

மண்டபம் சிரித்தது. அந்தக் கேள்விக்கு முப்பிடாதியிடம் பதில் இருந்தது, ஆனால் அதைச் சொல்கிற வாயில் ரத்தம் இருந்தது. பின்னாலேயே வந்து வாசலில் நின்ற ஆவுடையை அவள் திரும்பிப் பார்த்து, "ஆவுடக்காவ கேளுங்க" என்றாள். எல்லாரும் ஆவுடையைப் பார்த்தார்கள். தலைவர் கேட்டார், "ஏம்மா, ஒன்ன அவரு அடிச்சிருக்காரா?" பங்குனி உத்திரத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. அன்று காலையில்தான் ஐயா, "இந்த வருசம் கண்டிப்பா" என்று சொல்லியிருந்தார். ஆவுடை தரையைப் பார்த்தபடி, "இல்ல" என்றாள்.

அதற்குள் செய்தி தெரிந்து ஐயா ஓடிவந்தார். "தாயே, என்னால ஒனக்கு ஒரு சங்கடம்னா நான் இருந்து என்ன?" என்று முப்பிடாதியின் காலில் விழுந்தார், அவள் தூக்கவில்லை, நான்கு பேர் அவள் பிடரியைப் பிடித்துக் குனியவைத்துத் தூக்கவைத்தார்கள். அன்று மட்டும் ஒரு முழம் குறைந்தார். பெரிய மனுஷனை ஒரு முழம் குறைத்த பாவி என்று முப்பிடாதியை ஊர் தூற்றியது. அவள் மறுநாள் திருப்பூருக்கு பஸ் ஏறினாள். ஏறுமுன் ஆவுடையைத் திட்டவில்லை, ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அந்த வருஷமும் முதல் பாட்டை ஐயாதான் பாடினார்.

பிறகு விருதுகள் வந்தன. ஒவ்வொரு விருதுக்கும் ஒரு வணக்கம், ஒவ்வொரு வணக்கத்துக்கும் ஒரு குறைவு. கடைசியில் ஐயா ஒரு சொம்பு உயரத்துக்கு வந்து நின்றார். அவரைப் பித்தளைத் தாம்பாளத்தில் ரோஜா இதழ் பரப்பி உட்காரவைத்து ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள், எறும்பு அண்டாமல் தாம்பாளத்தைச் சுற்றி மருந்துக்கோடு கிழிக்க ஓர் ஆளைப் போட்டார்கள். பிள்ளைவரம் கேட்டு வந்த பெண்கள் தரிசித்துப் போனார்கள். குரலும் ஆளைப் போலவே மெலிந்து கொசுவின் ரீங்காரமாகிவிட்டது. ஆனால் குழாய்களில் பாட்டு முன்னைவிடக் கணீரென்று கேட்டது, ஏனென்றால் குட்டி மேடைக்குப் பின்னால் திரைச்சீலை கட்டி, திரைக்குப் பின்னால் தரையோடு தரையாய்க் கிடந்த மைக்கில் ஆவுடை படுத்துக்கொண்டு பாடினாள். "இத்துனூண்டு ஒடம்புல இம்புட்டுக் கொரலா!" என்று ஜனம் உருகியது. அது யார் குரல் என்று சீனிராஜுக்குத் தெரியும். சீனிராஜ் வாயைத் திறக்கிறவர் இல்லை.

அவள் முப்பிடாதியை நினைக்காத நாள் இல்லை. ஒரு வரியை எடுத்து விட்டால் அடுத்த வரியை வாங்க இடது பக்கம் ஆள் இல்லை, அந்தப் பக்கம் காதும் இல்லை. இரண்டும் சேர்ந்து அங்கே ஒரு வெற்றிடமாக இருந்தது.

அந்த வருஷப் பங்குனி உத்திரத்துக்கு, கோயிலையொட்டிய பள்ளிக்கூடத்தில் வழக்கமான வகுப்பறை. விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஐயா பெஞ்சின் மேல் நின்றுகொண்டிருந்தார், மாடசாமி தைத்துக் கொடுத்த கைக்குட்டை அளவு ஜிப்பா பளபளத்தது. ஆவுடை கேட்டாள், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டாள். "ஐயா, மொதப் பாட்ட நான் தெரைக்கு முன்னால நின்னு பாடட்டுமா?"

"கதவச் சாத்து" என்றார் ஐயா. சாத்தினாள். "குனி."

இடுப்பு தானாக மடங்கத் தொடங்கியது, பழக்கம் அப்படி. வழக்கம்போல இடது கன்னத்தைக் கொண்டுபோனாள்.

"அது இல்ல" என்றார் அந்தச் சின்னக் குரலில், பொறுமையாக, பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல. "அது செத்த காது. அதுல அடிச்சு அடிச்சுத்தான் ஒனக்கு ஒண்ணும் ஒறைக்காமப் போச்சு. அந்தக் காதக் காட்டு."

ஆவுடைக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. காது போனது அவருக்குத் தெரியும். இத்தனை காலமும் தெரியும். தெரியாததால்தான் கேட்கவில்லை என்று அவள் தனக்குள் எத்தனையோ இரவுகள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த ஒரு காதில் வெளியே பறவைகள் கத்துவது கேட்டது, தபேலா சுப்பையா சுதி சேர்ப்பது கேட்டது, தன் மூச்சும் கேட்டது. இந்தக் காதும் போய்விட்டால் பாட்டு என்பதே இனி இல்லை. பாதி மடங்கியிருந்த இடுப்பு அப்படியே நின்றது. பிறகு அவள் நிமிர்ந்தாள். சண்டை போடவில்லை, வெறுமனே நிமிர்ந்து நின்றாள். அவ்வளவு கிட்டத்தில் அவள் முழு உயரத்தில் நின்று ஐயா பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. அவருக்கு அவள் இடுப்புத்தான் தெரிந்தது.

"குனி" என்றார். "ஏ மூதி, குனிங்கேன்."

கதவைத் தட்டினார்கள், நேரமாகிவிட்டது.

தாம்பாளம் மேடைக்குப் போனது. ஐயா அதிலிருந்து இறங்கினார், திரைச்சீலையை விலக்கச் சொன்னார். பின்னால் நின்ற ஆவுடையைக் கூட்டம் பார்த்தது. இனி அவர் என்ன செய்யப்போகிறார் என்று அவளுக்குத் தெரியும். ஆளைக் குனியவைக்க அவரிடம் இருந்த வழிகள் இரண்டே இரண்டு. ஒன்று வகுப்பறையில் பலிக்கவில்லை. ஐயா மேடையின் நடுவே கைகூப்பி நடந்துவந்து, "இந்தத் தாய் இல்லன்னா நான் ஏது?" என்று மைக்கில் சொல்லிவிட்டு, அவள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மைதானம் முழுக்க 'முருகா' என்றது.

தூக்க வேண்டும். குனிந்து, தோளைத் தொட்டுத் தூக்க வேண்டும். தூக்கும்வரை அவர் எழ மாட்டார், அதுதான் வழக்கம், இதுநாள்வரை தூக்காதவர் யாருமில்லை. ஆவுடை நின்றாள்.

விழுந்து கிடந்தவர் கிடந்தபடியே குறையத் தொடங்கினார். தூக்காவிட்டால் குறைவது நிற்காது என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. சொம்பு டம்ளரானது, டம்ளர் கட்டைவிரலானது. "தூக்கும்மா, குனிஞ்சு தூக்கு!" என்று தலைவர் அலறினார். வேறு யாரும் தொடக்கூடாது, தொட்டால் பாவம். கட்டைவிரல் ஒரு நெல்லானது. ஜிப்பா மட்டும் தரையில் தனியே கிடக்க, அதற்குள் எங்கேயோ ஐயா இருந்தார். யாரோ மிதித்துவிடப் போகிறார்கள் என்று மேடையிலிருந்த பிரமுகர்களெல்லாம், அவளைப் பிடித்துக் குனியவைக்கவும் அடியெடுத்து வைக்க முடியாமல், ஒற்றைக்காலில் நின்றார்கள்.

"என்னமோ சொல்லுதாவளே" என்று முன்வரிசையில் ஒரு பெண் கத்தினாள். ஜிப்பாவுக்குள்ளிருந்து ஏதோ சின்னச் சத்தம் வந்தது உண்மைதான். ஆவுடை உற்றுக் கேட்டாள். ஒருவேளை இதுதானோ. இந்த நிமிஷத்திலாவது அந்த வார்த்தை வந்துவிட்டதோ. குனிந்து நல்ல காதைத் தரையோடு வைத்தால் கேட்டுவிடும். அவள் உடம்பு முழுக்க அதற்காக ஏங்கியது, குனிய வேண்டும் என்பது ஒன்றுதான் தடுத்தது. வாளியோடு நின்ற அந்தச் சின்னப்பிள்ளை அவளுக்குள்ளிருந்து, கேளு, கேளு என்று கெஞ்சியது. அவள் கண்ணீர் வழிய நின்றுகொண்டே இருந்தாள்.

சீனிராஜ்தான் ஓடிவந்து, ஸ்டாண்டிலிருந்த மைக்கைத் தரையோடு தரையாய் இறக்கி ஜிப்பாவின் வாயில் வைத்தார். வேப்பமரத்துக் குழாய், கோபுரத்துக் குழாய், பஸ் ஸ்டாண்டுக் குழாய், ஊரில் கட்டியிருந்த அத்தனை குழாயிலும் பொன்னுலிங்கம் ஐயாவின் குரல் வந்தது. மெலிந்த குரல் இல்லை. ஆவுடை பத்து வயதில் கேட்ட, அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட, அந்த முழுக் குரல்.

"ஏ மூதி, குனி."

மைதானம் மொத்தமும் குனிந்தது. தலைவர் குனிந்தார், ஒற்றைக்காலில் நின்ற பிரமுகர்கள் தடுமாறிக்கொண்டே குனிந்தார்கள், பிள்ளையைத் தோளில் வைத்திருந்தவர்கள் பிள்ளையோடு குனிந்தார்கள், பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் குனிந்தார். அதன் பிறகு ஜிப்பாவுக்குள்ளிருந்து சத்தமே வரவில்லை. கண்ணுக்கெட்டியவரை முதுகுகள். அந்த முதுகுகளுக்கு மேல் மலைமுகட்டில் வெளிச்சம் விழுந்தது. அத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த வார்த்தை இதுதான் என்று ஆவுடை நினைத்தாள். நினைத்தபோது அழுகை நின்றிருந்தது.

குனியாமல் இன்னொருவரும் இருந்தார். சீனிராஜ் மைக் ஸ்டாண்டைத் தரையிலிருந்து எடுத்து, அவளுக்கு முன்னால் நிறுத்தி, திருகியைத் தளர்த்தி மேலே இழுத்தார், இன்னும் இழுத்தார், அவள் வாய்க்கு நேராக வந்ததும் இறுக்கினார். "ஒங்க ஒசரம் எனக்குத் தெரியாமலே போச்சும்மா" என்றார்.

ஆவுடை முதலில் பாடவில்லை. தான் ஒரு வார்த்தைக்குக் காத்திருந்த காலமெல்லாம் திருப்பூரில் ஒருத்தி தன் வார்த்தைக்குக் காத்திருந்தாள் என்பது அவளுக்கு உறைத்தது.

"முப்பிடாதி அன்னைக்குச் சொன்னது நெசம்" என்றாள். எல்லாக் குழாயிலும் அது போயிற்று. "அவ பல்ல ஒடச்சது இவருதான். என்னையும் அடிச்சாரு. இந்தக் காது கேக்காது. அன்னைக்கு நான் இல்லன்னு சொன்னது பொய்."

குனிந்த கூட்டத்தில் முதலில் நிமிர்ந்தது தபேலா சுப்பையா. நிமிர்ந்து, கன்னத்தைத் தடவிக்கொண்டார். அப்புறம் ஆர்மோனியக்காரர். அப்புறம் இங்கொருவரும் அங்கொருவரும். எல்லாரும் நிமிர்ந்தார்கள் என்று சொன்னால் அது கதைக்கு நன்றாக இருக்கும், உண்மையில் பாதிப்பேர் நிமிரவில்லை. ஆவுடை முதல் பாட்டைப் பாடினாள். நின்றுகொண்டு பாடினாள்.

அதையும் ஊர் பழகிக்கொண்டது. ஜிப்பாவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். ஐயாவின் கடைசி உபதேசம் என்று கோயில் வளைவில் பெரிய எழுத்தில் 'குனி' என்று எழுதினார்கள், முன்னால் வந்த 'ஏ மூதி'யை மட்டும் யாரும் எழுதவில்லை. அந்த வளைவு கொஞ்சம் தாழ்வு, உள்ளே போகிறவர்கள் குனிந்துதான் போக வேண்டும். ஆவுடை பக்கவாசல் வழியாகப் போவாள். அடுத்த பங்குனிக்கும் முதல் பாட்டுக்கு அவளைத்தான் கூப்பிட்டார்கள், வேறு யாருக்கும் அந்தப் பாட்டு மேலே ஏறவில்லை. பின்னால் ஒரு கோரஸ் மைக் வேண்டும் என்றாள், தன் உயரத்துக்கே நிறுத்தச் சொன்னாள். உத்திரத்துக்கு முந்தின நாள் காலையில் சீனிராஜ் அதை நிறுத்திவிட்டு, "யாரும்மா பாடப்போறா?" என்று கேட்டார்.

முப்பிடாதியின் நம்பரை எப்படியோ பிடித்து, அன்று மத்தியானம் ஆவுடை கூப்பிட்டாள். போனை வலது காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் இரைச்சல்.

"முப்பிடாதி, நான் ஆவுட பேசுதேன். நான் சொல்லிட்டேன். மைக்குல சொல்லிட்டேன். போன வருசமே சொல்லிட்டேன், ஒன் நம்பர் இப்பதான் கெடச்சுது."

மெஷின்கள் ஓடின.

"மன்னிச்சிரு. நான்தான் இல்லன்னு சொன்னேன். அது தப்பு. கேக்குதா ஒனக்கு? அது தப்பு."

அந்தப் பக்கம் போன் வைக்கப்படவில்லை. பேச்சு முடிந்த இடத்தில் ஆவுடைக்குத் தெரிந்தது பாட்டுத்தான்.

"மலையெறங்கி வந்தா என்ன வேலய்யா - எங்க
மண்ணுல கால் வச்சா என்ன வேலய்யா..."

பாடிவிட்டு நிறுத்தினாள். அடுத்த வரி கோரஸுடையது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நிற்பது போலக் கேட்டது, அல்லது ஒருத்தி எழுந்து அவற்றை விட்டு விலகி நடந்தாள். பிறகு, முன்பல் இல்லாத வாயிலிருந்து, காற்று கொஞ்சம் கசிய, மெதுவாக அந்த வரி வந்தது.

"வாசலப் பாத்து நிக்குதய்யா எங்க ஊரு..."